அந்தப் பக்கத்துச் சங்கு

வணக்கம் அக்கா,

கீழக்கரையில் இருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். ஸ்வீடன் மேற்குக் கரையில் கடல் நத்தைகளின் பரிணாமம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்குச் சம்பளத்தோடு ஆள் எடுக்கிறார்கள். 'ஏன் இந்த ஆய்வு?' என்று இரண்டு பக்கம் எழுதக் கேட்கிறார்கள். எழுதியதை இணைத்திருக்கிறேன். அப்பா சங்கு குளிப்பவர். சங்கைக் கையில் வாங்கியதுமே மன்னார் பக்கமா, தொண்டிப் பக்கமா என்று சொல்லிவிடுவார். இதையெல்லாம் எழுதினால் அனுதாபம் தேடுவதாக நினைப்பார்களா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் எழுதியதில் முதல் பத்தியில் டார்வின் வருகிறார். அடுத்ததில் சிறுவயது ஆர்வம், அதற்கடுத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமை. அப்பா கடைசியில் 'ஏழை மீனவக் குடும்பம்' என்று ஒரே வரியில் வந்து போகிறார். அனுதாபம் தேடுவது அந்த வரிதான், எடுத்துவிடுங்கள். எனக்குப் போகிற போக்கில் சொன்னீர்களே, சங்கைப் பார்த்தே பக்கம் சொல்வார் என்று, அதில் தொடங்குங்கள்.

அந்த ஸ்வீடன் கரை நத்தையில் ஒரே இனத்துக்குள் இரண்டு வகை உண்டு. அலை மோதும் பாறையில் இருப்பது சின்னது, ஓடு மெல்லிசு, வாய் அகலம். நண்டு திரியும் இடத்தில் இருப்பது பெரிது, ஓடும் தடிமன். குஞ்சுகள் தாயின் ஓட்டுக்குள்ளேயே வளர்ந்து ஊர்ந்து வெளியே வருகின்றன, நீரோட்டத்தில் மிதந்து போவதில்லை. அதனால் பக்கத்துப் பக்கத்திலேயே இந்த வேறுபாடு நிற்கிறது. நம் சங்கும் முட்டைக்கூட்டில் இருந்து குட்டிச் சங்காகவே ஊர்ந்து வருவதுதானே? கடல் அட்டையின் இளம் பருவம் மாதிரி அது மிதந்து அலைவதில்லை.

அப்புறம், தொண்டி இருக்கும் பாக் விரிகுடாவின் ஆழத்தை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பதினைந்து மீட்டர்கூட இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்து கிடந்தபோது அது வெறும் தரை. தொண்டிப் பக்கத்துச் சங்கெல்லாம் தண்ணீர் ஏறிய பிறகு குடிவந்தவை. அப்பா பார்க்கும் வித்தியாசம் அதற்குள் பரம்பரையில் ஏறியதா, இல்லை சேறும் தீனியும் ஓட்டை அப்படி வளர்க்கின்றனவா? இரண்டு பக்கத்துக் குட்டிகளையும் ஒரே தொட்டியில் வளர்த்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது. இதை எழுதிவிட்டு உடனே அவர்கள் நத்தைக்கு வந்துவிடுங்கள். சம்பளம் நத்தைக்குத்தான், சங்குக்கு இல்லை. என்றைக்காவது சங்கின் திசுவை அங்கே கொண்டுபோக ஆசை வந்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக்குத் துறைத்தலைவர் வேண்டாம். உங்கள் ஆய்வேட்டுக்காகக் கூடவே கரையில் நின்றவரைக் கேளுங்கள். என் காலத்தில் நான் கேட்ட மூன்று பேருமே 'நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்' என்றார்கள். எழுதினேன். மூன்று கடிதமும் ஒரே நடை, ஒரே எழுத்துப்பிழை. எங்கிருந்தும் கூப்பிடவில்லை!

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்காமலே சொல்கிறேன். அங்கே இது வேலை மாதிரிதான். மாதச் சம்பளம், நான்கு ஆண்டுப் படிப்பு, கல்விக் கட்டணம் கிடையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, அனுப்புவதற்கு முன் ஒரு வேலை. அப்பா எதை வைத்துச் சொல்கிறார்? எடையா, நிறமா, சுழியா? கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பக்கத்துச் சங்கிலும் பத்துப் பத்து வாங்கி, உள்ளே அடையாளம் எழுதி, கலந்து அவர் முன்னால் வையுங்கள். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று அவர்கள் கேட்ட அந்த இரண்டு பக்கக் கட்டுரையில் அப்படியே எழுதுங்கள். பாதிக்குப் பாதி தப்பாக வந்தாலும் மறைக்காதீர்கள், அப்பா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.