சொத்து வரி உயர்வு: ஆட்சேபணை மனுவில் என்ன எழுதுவது?

கேள்வி: எங்கள் மாநகராட்சி சொத்து வரியை உயர்த்தத் தீர்மானம் போட்டு, ஆட்சேபணை இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கும்படி அறிவிப்பு கொடுத்திருக்கிறது. தெருவே சேர்ந்து, ‘வரி அதிகம், குறையுங்கள்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எடுபடுமா?

பதில்: அதை மட்டும் எழுதினால் எடுபடுவது கடினம். சதவீதத்தைப் பொறுத்தவரை மாமன்றத்துக்கு அதிக இடமில்லை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலைக் கூட்டினால்தான் உள்ளாட்சிக்கு மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. 2022 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்த உயர்வுக்கும் இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆனால் உங்கள் வீடு எந்தப் பரப்பளவு அடுக்கில் வருகிறது என்பதில் தவறு இருந்தால் அதைத் திருத்த வைக்க முடியும். 2022 உயர்வில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 601 முதல் 1,200 வரை 50%, 1,201 முதல் 1,800 வரை 75%, அதற்கு மேல் 100%. (சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் இதைவிடக் கூடுதல்.) அரையாண்டு வரி 1,000 ரூபாயாக இருந்த வீடு 1,190 சதுர அடி என்றால் 1,500 ஆகும். அதே வீடு பதிவேட்டில் 1,230 என்று ஏறியிருந்தால் 1,750. நாற்பது சதுர அடிப் பிழைக்கு வருடத்துக்கு 500 ரூபாய். அடுத்த உயர்வும் இந்தத் தொகையின் மேல்தான் ஏறும் என்பதால், முதலிலேயே திருத்திவிடுவது முக்கியம்.

கேள்வி: பரப்பை நாமே அளந்து காட்டலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் டேப்பை அறைக்குள் பிடிக்காதீர்கள். கட்டட அடித்தளப் பரப்பு என்றால் சுவரும் சேர்த்தி. உள்ளளவு 30க்கு 38 அடி, அதாவது 1,140 சதுர அடி என்று வையுங்கள். சுற்றிலும் 9 அங்குலச் சுவர் என்றால் வெளியளவு 31.5க்கு 39.5, பரப்பு 1,244 சதுர அடி. அடுக்கே மாறிவிடுகிறது. உள்ளளவை நம்பிக் கொடுத்த மனு, அதிகாரி வந்து அளந்ததும் விழுந்துவிடும்.

அடுக்குமாடியில் வேறு சிக்கல். பில்டர் சொல்லும் ‘சூப்பர் பில்டப்’ கணக்கில் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாம் பங்கு போட்டுச் சேர்ந்திருக்கும். பதிவேட்டில் இருப்பது எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். இடித்துவிட்ட ஷெட்டுக்கும், கடையை மூடி வீடாக்கிய முன்னறைக்கும் இன்னும் பழைய வகைப்பாட்டிலேயே வரி வருவதும் சகஜம்.

மனுவில் வரிவிதிப்பு எண், கதவு எண், வார்டு, பதிவேட்டுப் பரப்பு, நீங்கள் அளந்த பரப்பு, உங்கள் கோரிக்கை ஆகியவை இருக்கட்டும். வரைபட நகலும் கடைசி ரசீதும் போதும். ஒரு மனுவில் ஒரு வீடுதான். அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கவுன்சிலரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது ஆட்சேபணை ஆகாது.

கேள்வி: மனு நிலுவையில் இருக்கும்போது வரி கட்ட வேண்டுமா?

பதில்: கட்டிவிடுங்கள். மனு கொடுத்ததால் கெடு நிற்பதில்லை. தாமதித்தால் மாதம் 1% அபராதம். 2018 உயர்வை அரசு 2019 நவம்பரில் நிறுத்திவைத்தபோது, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அது பின்வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யப்பட்டது. ஆகவே ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.