ஆலோசகரா, முகவரா?

கேள்வி: நான் கையெழுத்திடவிருக்கும் ஒப்பந்தத்தில் என்னை ஓரிடத்தில் 'ஆலோசகர்' என்றும் இன்னோரிடத்தில் 'முகவர்' என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. ஆலோசகர் கருத்துச் சொல்பவர். அதை ஏற்பதும் தள்ளுவதும் நிறுவனத்தின் விருப்பம். முகவர் தமக்கு அளிக்கப்பட்ட அதிகார எல்லைக்குள் நின்று மூன்றாம் நபரிடம் ஒப்புக்கொள்வது, அவரை நியமித்தவரையே கட்டுப்படுத்தும். ஆகவேதான் கணக்குக் காட்டும் கடமையும், நியமித்தவருக்குத் தெரியாமல் கமிஷன் பெறக்கூடாது என்ற கட்டுப்பாடும் முகவருக்கு உண்டு. வழக்கென்று வந்தால், தாளில் உள்ள பதவிப் பெயரைவிட, நீங்கள் உண்மையில் செய்த வேலைக்கே நீதிமன்றம் அதிக எடை தரும் (விசிட்டிங் கார்டு அங்கே செல்லாது!). வரையறைப் பகுதியில் ஒரே சொல்லை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆலோசகர் மட்டுமே என்றால், 'நிறுவனத்தின் சார்பில் உறுதியளிக்க இவருக்கு அதிகாரமில்லை' என்ற வரியையும் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.