பதில்: உவெமட்சுவை எந்த வரிசையில் கேட்பது?

பெங்களூரில் மடிவாளாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு போகும் ஆபீஸ் பஸ்ஸில் ஜப்பானிய வீடியோ கேம் இசையமைப்பாளர் நொபுவோ உவெமட்சுவின் இசையை முதலிலிருந்து கேட்க ஆரம்பித்து, அவர் இசையமைத்த 'ஃபைனல் ஃபேன்டஸி' கேம் வரிசையின் முதல் பாகத்தில் வரும் 'கீ கீ' சத்தம் தாங்காமல் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வரிசையை விடுங்கள். 1994இல் வந்த ஆறாம் பாகத்தில் தொடங்குங்கள். அது ஓடிய சூப்பர் ஃபாமிகாம் என்ற கேம் கருவியில் ஒரே நேரத்தில் எட்டு ஒலிகள்தான்; அதற்குள் மனிதர் ஒரு ஓபராவையே நடத்திவிட்டார்! அதன் நாயகி டெர்ராவின் தீம் ஓடும்போது சில்க் போர்டு நெரிசல்கூட உறைக்காது.

அப்புறம் 1987இல் வந்த முதல் பாகத்துக்குத் திரும்புங்கள். அதற்கு முந்தைய கருவியான ஃபாமிகாமில் ஸ்வரத்துக்கு மூன்று ஒலி சேனல், அவ்வளவுதான். வாத்தியங்களின் பின்னால் ஒளிய முடியாது, மெட்டுதான் நிற்க வேண்டும். முறையாக இசை படிக்காமல் தானாகக் கற்றுக்கொண்டவர் என்பதையும் நினைத்துக்கொண்டு 'ப்ரிலூட்' கேட்டுப் பாருங்கள்.

ஏழாம் பாகத்தில் (1997) லத்தீன் கோரஸோடு வரும் 'ஒன் விங்டு ஏஞ்சல்' ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் பாட்டு. எனக்கென்னவோ ஒன்பதாம் பாகம்தான் (2000) ஒரு படி மேல், சண்டைக்கு வராதீர்கள். பத்தாம் பாகத்தில் ஹமவுசு, நகானோ என்ற இரு இசையமைப்பாளர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அதிலுள்ள 'டு ஜனர்கண்ட்' பியானோ மட்டும் வீட்டில் கேளுங்கள், பஸ் இரைச்சலில் பாதி காணாமல் போய்விடும்.