கடைசிக் கட்டத்தில் அப்பா சாப்பிட மறுத்தால்

வற்புறுத்தாதீர்கள். கல்லீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் உங்கள் அப்பா இரண்டு கரண்டிக் கஞ்சியோடு வாயை மூடிக்கொள்வது பிடிவாதத்தால் அல்ல. உடம்பு அடங்கி வரும்போது பசியே எடுக்காது. "பட்டினி போடுகிறோமே" என்று அழும் உங்கள் அம்மாவிடம் இதைத்தான் முதலில் சொல்லுங்கள்.

ஆனாலும் சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டார்ச் அடித்து நாக்கையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டு இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தை எடுக்கிறார் என்றால், கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று கேளுங்கள்; அது மலத்தை இறுக்கிவிடும். மலச்சிக்கலிலும் சோறு இறங்காது.

என் அம்மாவுக்கு நாங்கள் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றே பத்து நாளை வீணாக்கினோம். அப்புறம்தான் கால் அமுக்கிவிட்டபடி, எங்கள் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக அவர் வளையலை அடகு வைத்த கதையைப் பேசினோம். வட்டிக்கணக்கு உட்பட அவருக்கு எல்லாம் நினைவிருந்தது!

ஒன்று: குடிக்கும்போது புரையேறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். டிரிப்ஸும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், நீர் கோத்து மூச்சுத் திணறலாம். தமிழ்நாடு என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.