கேபிள் இணைப்பை எடுத்துவிட்டு நேரலை ஸ்ட்ரீமிங்குக்கு மாறிவிடலாமா? வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்

மாறலாம். ஆனால் உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மாறுங்கள். "வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்" என்று கேள்வியின் வாலில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கேபிளுக்குப் பணம் கட்டுபவராக இருப்பீர்கள், நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவராக இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புதிய விஷயங்களுக்கு எதிரி இல்லை. கணினியை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. கேபிள்காரர்களுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும்போது போன் செய்து, "ஆள் வந்துகொண்டிருக்கிறார்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு நானும் நொந்தவள்தான். பார்க்காத சேனல்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதில் எனக்கும் எரிச்சல் உண்டு. ஆகவே "பழசைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்" என்று கீழே வந்து எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது. ஓரப்பார்வை இருக்கிறது, எழுத்து மட்டும் பிடிபடாது. கிரிக்கெட் என்றால் பச்சைத் தரை தெரியும், ஆட்கள் ஓடுவது தெரியும், ஸ்கோர் தெரியாது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, மடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு வர்ணனை கேட்பார். டிவி வர்ணனையாளர் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் "அடடா, என்ன ஒரு அடி!" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். ரேடியோக்காரர்தான் பந்து எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் போனது, யார் துரத்துகிறார் என்றெல்லாம் சொல்வார். இரண்டையும் சேர்த்தால் அப்பாவுக்கு ஒரு முழு ஆட்டம் கிடைத்துவிடும்.

ரிமோட்டும் அப்படித்தான். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் 5 என்ற பொத்தானின் மேல் சின்னதாக ஒரு புள்ளி புடைத்துக்கொண்டு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? நான் அதுவரை கவனித்ததில்லை. அப்பாவின் கட்டைவிரல் முதலில் அந்தப் புள்ளியைத் தேடும். அது கிடைத்துவிட்டால் போதும், எந்த எண்ணையும் பார்க்காமல் அழுத்துவார். செய்திக்கு ஒரு எண், பழைய பாட்டுக்கு ஒரு எண், விளையாட்டுக்கு மூன்று எண்கள். எல்லாமே விரலில்தான் இருந்தன.

போன வருடம் விடுமுறைக்கு வந்த அண்ணன், இணையம் வழியாக டிவியில் படம் காட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை வாங்கி வந்து சொருகினார். ஒரு வருடத்துக்கு நேரலைச் சேவைக்குப் பணமும் கட்டினார். "இனிமேல் அப்பாவுக்கு ஒரு கவலையும் இல்லை" என்று அன்றைக்கே கேபிளை நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்பா டிவி முன் சிரிக்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, நான்காம் நாள் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு மேட்ச். நான் உள்ளே வேலையாக இருந்தேன். "ஏம்மா, இங்கே கொஞ்சம் வா" என்று அப்பா கூப்பிட்டார். ரேடியோவில் விக்கெட் விழுந்து கூட்டம் கத்திக்கொண்டிருக்கிறது. டிவியில் பந்து வீசுபவர் பந்தைப் பேன்டில் தேய்த்துக்கொண்டு நிதானமாக நடந்துபோகிறார். "ரேடியோக்காரனுக்குக் கனவு கினவு வந்துவிட்டதா?" என்று கேட்டார் அப்பா. செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 38 நொடி வித்தியாசம்.

இது ஸ்டிக்கின் கோளாறு இல்லை. நேரலை ஸ்ட்ரீமிங்கில் வீடியோ ஒரே ஓட்டமாக வருவதில்லை, துண்டு துண்டாக நறுக்கப்பட்டுத்தான் வருகிறது. அப்படித் துண்டுகளாக அனுப்ப ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற முறைதான் இன்றும் பரவலாக ஓடுகிறது. முதலில் ஒரு துண்டுக்கு 10 நொடி என்று பரிந்துரைத்தார்கள், பிறகு 6 நொடியாகக் குறைத்தார்கள். இணையம் நடுவில் தடுக்கினாலும் படம் நிற்காமல் இருக்க, பிளேயர் வழக்கமாக மூன்று துண்டு பின்னால் இருந்துதான் ஆரம்பிக்கும். அதிலேயே 18 நொடி போய்விட்டது. அதற்கு மேல் வீடியோவைச் சுருக்குகிற நேரம், ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிற நேரம். தாமதத்தைக் குறைக்கும் புதிய வடிவம் 2019-லேயே வந்துவிட்டது, ஆனால் எல்லாச் சேவைகளும் அதைப் பயன்படுத்துவதில்லை. டிஜிட்டல் கேபிளிலும் சில நொடித் தாமதம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அந்தச் சில நொடிக்கு அப்பாவின் காது பழகியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, ரேடியோவையும் செல்போன் ஆப்பில் போட்டால் இரண்டும் இணையம்தானே, ஒன்றாக வந்துவிடும் என்று நினைத்தேன். அதற்கு அதன் சொந்தத் தாமதம். ஒரு நாள் ரேடியோ பத்து நொடி முன்னால் போனது, மறுநாள் டிவிக்குப் பின்னால் வந்தது. அப்பா மூன்று நாள் பார்த்துவிட்டு ரேடியோவை அலமாரியில் வைத்துவிட்டார்.

இதைவிட மோசமானது ஒன்று நடந்தது. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், அப்பா இருட்டான திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சத்தமே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். நடுவில் சின்ன எழுத்தில் "நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி, அதன் கீழே ஒரு பொத்தான். நான்கைந்து மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் அப்படிக் கேட்குமாம். அப்பாவுக்கு எழுத்து தெரியவில்லை. புது ரிமோட்டில் எண்களும் இல்லை, அந்தப் புள்ளியும் இல்லை, வழவழவென்று ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது. "ஒளிபரப்பே நின்றுவிட்டது போல, வரும் வரும் என்று பார்த்தேன்" என்றார். எவ்வளவு நேரமாக என்று நான் கேட்கவில்லை.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வீட்டுக்கு ஒரு பொருளை வாங்கிக் கொடுப்பவருக்கு வாழ்நாள் முழுக்க நல்ல பெயர். அதைத் துடைத்து, சார்ஜ் போட்டு, அப்டேட் செய்து, "ஓடவில்லை" என்றால் ஓடவைக்கிறவருக்கு ஏச்சு. சேவை இருப்பது அண்ணனின் கணக்கில். அது தானாக வெளியேறிவிட்டால் சரிபார்ப்பு எண் அவர் செல்போனுக்குத்தான் போகும். அவர் மீட்டிங்கில் இருப்பார். அப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "வந்துவிட்டதா?" என்பார். இரண்டு மணி நேரம் கழித்து அண்ணன் ஆறு இலக்கத்தை அனுப்புவார், அதற்குள் அது காலாவதி ஆகியிருக்கும். கூடவே "இவ்வளவு எளிமையான விஷயம்கூட உனக்குப் பார்க்கத் தெரியவில்லையா" என்று ஒரு வரி. பிளட் பிரஷர் பார்க்கும் கருவியிலும் இதேதான் நடந்தது, அதை இன்னொரு கேள்விக்கு வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேபிளும் ஸ்ட்ரீமிங்கும் அடிப்படையிலேயே வேறு. 1948 வாக்கில் அமெரிக்க மலையூர்களில் டிவி சிக்னல் எட்டாத இடத்தில், மேட்டில் ஒரு பெரிய ஆண்டெனா நட்டு அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். கேபிள் பிறந்த கதை அதுதான். இன்றும் ஒரே சிக்னல் எல்லா வீட்டுக்கும் போகிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் அதற்குச் சுமை ஒன்றுதான். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஓட்டம். 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் காட்டிய மைக் டைசன் - ஜேக் பால் குத்துச்சண்டையைச் சுமார் 6 கோடி வீடுகளில் பார்த்ததாகச் சொன்னார்கள். அதில் பலருக்குச் சுற்றுகிற வட்டம்தான் தெரிந்தது. "2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்க்கவில்லையா?" என்று ஒருவர் வருவார். பார்த்தார்கள்தான், முடியாதது இல்லை. ஆனால் உங்கள் வீட்டு ரூட்டருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கிற இரண்டு சுவரை அவர்கள் வந்து இடிக்கப் போவதில்லையே. நான் ரூட்டரிலிருந்து டிவி வரை ஒரு லேன் கேபிள் இழுத்த பிறகுதான் பாதித் தொல்லை ஓய்ந்தது. கேபிள் வேண்டாம் என்று தொடங்கி, சுவரோரமாக ஆணி அடித்துக் கேபிள் இழுத்ததில் முடிந்தது.

டேட்டா கணக்கையும் போட்டுப் பாருங்கள். எச்டி படம் நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 2.25 ஜிபி. எங்கள் அப்பாவைப் போல எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 18, மாதத்துக்கு 540 ஜிபி. உங்கள் இணைய இணைப்புக்கு மாத வரம்பு இருந்தால் இந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ஒரு மாதமாவது இரண்டும் வீட்டில் இருக்கட்டும். செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். அந்த மாதத்தில் யாரும் சொல்லாமலே பெரியவர்கள் எந்த ரிமோட்டை எடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கணக்கை உங்கள் பெயரிலேயே திறங்கள், ஊரில் இல்லாதவர் பெயரில் வேண்டவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஹாலில் ஸ்டிக் இருக்கிறது, அதில் என் பையன் பார்க்கிறான். அவனுக்கு 38 நொடி ஒரு பொருட்டே இல்லை. அப்பாவின் அறையில் ஒரு சின்ன டிவி வாங்கி வைத்துக் கேபிளைத் திரும்பப் போட்டுவிட்டோம். ரேடியோ அலமாரியிலிருந்து இறங்கி மடிக்கு வந்துவிட்டது. மாதா மாதம் பணம் நான்தான் கட்டுகிறேன். அண்ணன் வீடியோ காலில் வந்தால் அப்பா ஹாலுக்கு வந்து அந்த டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார். அண்ணனுக்கு இந்தத் தளத்தில் கணக்கு இல்லை என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.