ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையை எதற்காகக் கட்டினார்கள்?

கடற்கோட்டை என்றால் தண்ணீருக்கு நடுவே நின்று, வருகிற போகிற கப்பல்களைக் காவல் பார்க்கும் கோட்டை. இலங்கையின் யாழ்ப்பாணப் பக்கம், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் எண்கோணமாக நிற்கிற ஹம்மன்ஹீல் அப்படிப்பட்டதுதான்.

ஏன் கரையை விட்டுக் கடலுக்குள்? யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழம் குறைந்தது, கப்பல் நினைத்த பக்கமெல்லாம் நுழைய முடியாது, அதனால் கப்பல் உள்ளே வருகிற இந்த வாயிலைக் காத்தாலே போதும். ஒழுங்கை முகப்பில் ஒரு படலை போட்டுவிட்டால் வளவு முழுக்க ஆள் நிறுத்தத் தேவையில்லை அல்லவா, அதே கணக்கு.

17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். சுற்றிலும் கடல், ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, சரணடைய அதுவே முக்கிய காரணம். எனக்கு இந்தக் கோட்டையின் கதையிலேயே மனதைப் பிசைகிற இடம் இதுதான். அப்புறம் பெயர்: இலங்கையின் வடிவம் ஒல்லாந்தருக்குப் பன்றித் தொடைபோலத் தெரிந்ததாம், அதன் குதிக்கால்தான் ஹம்மன்ஹீல்.

பலர் இதைச் சிறையாகவே கட்டினார்கள் என்று நினைக்கிறார்கள், அது சரியில்லை: கட்டியது கடல்வாயிலைக் காக்க, 1971 கிளர்ச்சியை நடத்திய ஜே.வி.பி. கட்சியின் தலைவர் ரோகண விஜேவீர போன்றோரை அடைத்துவைத்த சிறை வாழ்க்கை பிற்பாடு வந்தது.