வாசனை ஹோஸ்டாவுக்கு வெயில் வேண்டும்

கேள்வி: 'குவாக்கமோலி' ரக ஹோஸ்டாவை (இலை அழகுக்காக வளர்க்கும் தோட்டச்செடி) மரத்தடியில் நட்டு இரண்டு வருடம் ஆகிறது. இலை நடுவில் வரவேண்டிய மஞ்சள் வரவில்லை, முழுக்கப் பச்சையாகவே இருக்கிறது. பூத்தண்டும் ஒன்றிரண்டுதான். பூத்தண்டை வெட்டிவிட்டால் இலை தேறுமா?

பதில்: வெட்ட வேண்டாம். இலை, பூ இரண்டுக்குமே குறை ஒன்றுதான்: வெளிச்சம் போதவில்லை.

ஹோஸ்டா என்றாலே நிழல்செடி என்று நினைத்துவிடுகிறோம். நீல இலை ரகங்களுக்கு அது பெரும்பாலும் சரி. இலைமேல் இருக்கும் மெழுகுப் பூச்சு வெயிலில் போய்விடும். பூ மணக்கும் வாசனை ரகங்கள் வேறு. அவற்றின் மணம் சீனாவைச் சேர்ந்த ஹோஸ்டா பிளாண்டாஜினியா வழியாக வந்தது. அந்த இனம் மற்ற ஹோஸ்டாக்களைவிட வெயில் தாங்கும். 'குவாக்கமோலி'யும் அந்த வழிதான். ஓரம் கரும்பச்சை, நடு இளம்பச்சை. காலை வெயில் படப்பட நடுப்பகுதி பொன்மஞ்சளாக மாறும். அடர்நிழலில் ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒரே பச்சைதான். 2002-ல் அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்போர் சங்கம் ஆண்டின் ஹோஸ்டாவாகத் தேர்ந்தெடுத்த ரகம் இது. அதை இலைக்காக மட்டும் வளர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

காலையில் மூன்று நான்கு மணி நேரம் வெயில் பட்டு, மதியம் நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். மர வேர்கள் தண்ணீரை உறிஞ்சும் தொல்லையும் அதோடு தீரும். வசந்தத் தொடக்கத்தில், கூர்மையான முளைகள் மண்ணுக்கு மேல் தலைகாட்டும்போது, வேர்மண்ணோடு தோண்டி எடுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் படரும், இடம் விட்டு நடுங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நன்றாகக் குளிர்ந்து உறங்கினால்தான் மறுவருடம் வலுவாக முளைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் இலையைப் பாருங்கள். ஓரம் மட்டும் காகிதம்போல் பழுப்பாகிக் காய்ந்தால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை, அல்லது மதிய வெயில் படுகிறது. நடுவில் ஓட்டையும் பக்கத்தில் பளபளக்கும் கோடும் இருந்தால் ஓடில்லாத நத்தையின் வேலை; இரவில் டார்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்குங்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலை மென்மையாகி நத்தைக்கு இன்னும் பிடித்துப்போகும்.

பூத்தண்டை எப்போது வெட்டுவது? கடைசிப் பூ வாடியதும் அடியோடு வெட்டுங்கள், விதை பிடிக்கச் செலவாகும் சத்து செடியிலேயே தங்கும். நாய், பூனை இருந்தால் எட்டாத இடத்தில் நடுவது முக்கியம்; ஹோஸ்டா அவற்றுக்கு நஞ்சு.